குளத்துப் பாசியை அகற்றுவதா, விட்டுவைப்பதா?

கேள்வி: குளத்தங்கரை (தேரூர் அருகில்)

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது கன்னியாகுமரி மாவட்டத்தில் தேரூர்ப் பெரிய குளத்திலிருந்து சற்றுத் தள்ளி, சானல் (அணையிலிருந்து வரும் பாசனக் கால்வாய்) தண்ணீரால் நிரம்பும் சிறிய பாசனக் குளம். கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுவடை முடிந்து, பிப்ரவரி கடைசியில் அணை அடைத்த பிறகு குளத்தைத் தூர்வாருவது என்று விவசாயிகள் கூடிப் பேசி முடித்திருக்கிறோம். மண் எடுப்பதற்கான அனுமதியும் கேட்டாயிற்று. ஆனால் தண்ணீருக்கு அடியில் வளரும் பாசியை என்ன செய்வது என்பதில்தான் ஊருக்குள் கருத்து ஒன்றுபடவில்லை.

சானல் தண்ணீர் வந்து விழும் மேற்கு ஓரம் ஆழம் குறைந்த பகுதி. அங்கே தண்ணீர் தெளிவாக இருக்கிறது. அடிவரை பாசி அடர்ந்து கிடக்கிறது. ஆகாயத்தாமரையைப் போல மிதக்காமல் முழுக்க முங்கிய நிலையிலேயே வளரும் இந்தப் பாசியில் இரண்டு வகை இருப்பதாகத் தெரிகிறது. ஒன்றில் மெல்லிய நீண்ட தண்டின் ஒவ்வொரு கணுவிலும் சிறு இலைகள் வட்டமாகச் சூழ்ந்திருக்கின்றன. மற்றொன்றுக்குத் தண்டே இல்லை. சேற்றிலிருந்து நேரடியாகப் பச்சை நாடாக்களைப் போன்ற இலைகள் எழுந்து, ஓட்டம் போகும் திசையில் சாய்ந்து கிடக்கின்றன. இந்த நாடா இலைச் செடி சானலுக்குள்ளும் இருக்கிறது. குளத்தின் நடுப்பகுதியில் தாமரை போட்டிருக்கிறார்கள். அதன் அடியில் இந்தப் பாசிகளில் ஒன்றுகூட இல்லை. கிழக்கே மடைப் பக்கம், வீடுகளின் கழிவுநீர் ஓடை வந்து சேரும் இடத்தில், தண்ணீர் பச்சையாகக் கலங்கிக் கிடக்கிறது. அங்கும் பாசி வேர் பிடிக்கவில்லை. ஆனால் மேற்கிலிருந்து அறுபட்டு வரும் தண்டுகள் மடையில் வந்து சுற்றிக்கொண்டு, கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகாமல் தடுப்பது உண்மை.

மீன் குத்தகை எடுத்தவர் புல்கெண்டை மீன் விட்டால் ஒரே பூவில் (சாகுபடிப் பருவத்தில்) எல்லாம் துப்புரவாகிவிடும் என்கிறார். பறவை பார்க்க வரும் இளைஞர்கள் பாசியில் கைவைக்கவே கூடாது என்கிறார்கள். இவை என்ன தாவரங்கள், இயற்கையில் எப்படிப்பட்ட இடத்தில் வாழ்பவை, ஒரே குளத்தில் ஓரிடத்தில் செழித்து மற்றோரிடத்தில் இல்லாமல் போவதற்குக் காரணம் என்ன என்பதை விவரம் தெரிந்தவர்கள் எழுதினால், அடுத்த கூட்டத்தில் பேச உதவியாக இருக்கும்.

பதில்: தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு), தக்கலை

தாங்கள் விவரித்திருக்கும் முறையிலேயே விடையின் பாதி இருக்கிறது. கணுதோறும் இலை சூழ்ந்திருப்பது ஹைட்ரில்லா என்றும், நாடா இலைச் செடி வாலிஸ்நேரியா என்றும் எண்ணுகிறேன். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உறுதிசெய்துகொள்ள எளிய வழிகள் உண்டு. முதல் செடியின் ஒரு கணுவைக் கிள்ளியெடுத்து இலைகளை எண்ணிப் பாருங்கள். மூன்று முதல் எட்டு வரை இருக்கலாம், பெரும்பாலும் நான்கோ ஐந்தோ இருக்கும். தண்டை நுனியிலிருந்து அடி நோக்கி விரல்களுக்கிடையே உருவினால் சொரசொரப்பு தெரிய வேண்டும், ஏனெனில் இலையின் விளிம்பெங்கும் நுண்ணிய பற்கள் இருக்கின்றன. நாடா இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் நெடுக ஓடும் சில நரம்புகளும், அவற்றை இணைக்கும் குறுக்கு நரம்புகளும் தெரியும். செடிக்குச் செடி சேற்றின் மேல் ஓடுதண்டு தொடுத்திருந்தால் அது வாலிஸ்நேரியா என்று கொள்ளலாம்.

பள்ளிப் பாடத்தில் ஒளிச்சேர்க்கையைக் காட்டுவதற்குப் புனலைக் கவிழ்த்து, அதன் மேல் சோதனைக் குழாயை நிறுத்திக் குமிழ் எண்ணுவோமே, அந்தச் சோதனைக்கு நாங்கள் பயன்படுத்தியது ஹைட்ரில்லாதான். சிட்டிகை சமையல் சோடா போட்டால் குமிழ்கள் விரைவாக வருவதைக் கண்டு மாணவர்கள் வியப்பார்கள். அந்த வியப்பில்தான் இவ்வகைத் தாவரங்களின் வாழிடத்தைப் புரிந்துகொள்ளும் வழியும் இருக்கிறது. காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் பரவுகிறது. ஆகவே தண்ணீருக்குள் மூழ்கி வாழும் செடிக்குத் தண்ணீர்ப் பஞ்சம் ஒருநாளும் இல்லை. அதற்குள்ள பஞ்சங்கள் இரண்டு, ஒன்று கார்பன், மற்றொன்று வெளிச்சம். இலைகள் ஓரிரு செல் அடுக்கு அளவுக்கு மெலிந்திருப்பதும், இலைத்துளைகள் இல்லாமல் மேற்பரப்பு முழுவதுமே உறிஞ்சுவதும், உடலுக்குள் காற்றறைகள் ஓடுவதும், தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டையும் (சமையல் சோடாவில் இருப்பதும் இதுவே) ஹைட்ரில்லா பயன்படுத்திக்கொள்வதும் இந்தப் பஞ்சத்தைச் சமாளிப்பதற்கான ஏற்பாடுகளே.

இனி தங்கள் குளத்தைப் பாருங்கள். சானல் முகத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால், இலையைச் சுற்றித் தேங்கும் தண்ணீர் இடைவிடாமல் மாறுகிறது, கார்பன் கிடைக்கிறது. ஆழமும் குறைவு என்பதால் வெளிச்சம் அடிவரை போகிறது. வேர் ஊன்ற வண்டல் இருக்கிறது. தண்டுள்ள ஹைட்ரில்லாவை ஓட்டம் அறுத்துக்கொண்டே இருக்க, வளைந்து கொடுக்கும் நாடா இலை தப்பிவிடுகிறது. சானலுக்குள் வாலிஸ்நேரியா மட்டும் தென்படுவதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். நிற்கும் தண்ணீரில் நிலைமை தலைகீழ். ஹைட்ரில்லா ஒரு நாளில் 2 செ.மீ.க்கு மேல் வளரக்கூடியது. மேற்பரப்பை எட்டியதும் கிளைவிட்டுப் பந்தலாகப் படர்ந்து, அடியில் இருக்கும் குட்டைச் செடியின் வெளிச்சத்தைப் பறித்துவிடும்.

தாமரைக்கடியில் பாசி இல்லாததும் வெளிச்சக் குறைவினால்தான். கிழக்குப் பகுதியில் நடப்பது சற்று வேறு. கழிவுநீரில் வரும் பாஸ்பரசும் நைட்ரஜனும் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளைப் பெருக்குகின்றன. பச்சை நிறம் அவற்றினுடையது. அவை மேலேயே வெளிச்சத்தை உறிஞ்சிவிடுவதால் அடியில் ஒன்றும் முளைக்காது. வேரூன்றிய செடி இல்லாத அடிச்சேறு காற்றடித்தாலே கலங்கும். கலங்கினால் வெளிச்சம் மேலும் குறையும். மேற்கிலோ செடிகள் சேற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன, அலையை அடக்குகின்றன, சத்தைத் தாங்கள் உறிஞ்சி மிதவைப் பாசிக்கு இல்லாமல் செய்கின்றன. ஆழம் குறைந்த நீர்நிலைகள் இப்படித் தெளிவு, கலங்கல் என்னும் இரண்டு நிலைகளில் ஏதேனும் ஒன்றில் நிலைத்துவிடும் இயல்புடையவை என்பது ஏரிகளை ஆராய்வோர் நன்கறிந்த ஒன்று. ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தள்ளுவது எளிது, திரும்பக் கொண்டுவருவது கடினம். தங்கள் குளத்தில் இரு நிலைகளும் அடுத்தடுத்து இருப்பதால், எது எதனால் என்று கூட்டத்தில் விளக்குவதற்குத் தங்களுக்கு வேறு சான்று தேவைப்படாது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். எவர்சில்வர் தட்டு ஒன்றில் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு பாகம் வண்ணம் பூசி, நடுவில் கயிறு கட்டி இறக்கினால், எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறது என்பது தெரியும். 1865இல் இத்தாலியைச் சேர்ந்த செக்கி என்பவர் தொடங்கி வைத்த முறை இது. இன்றைக்கும் ஏரி ஆய்வாளர்கள் கைவிடவில்லை. தட்டு மறையும் ஆழத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழம் வரைதான் மூழ்கிய செடிகள் வேரூன்ற முடியும் என்பது தோராயமான கணக்கு.

பதில்: குளத்து மீன், பறக்கை

ஆசிரியர் ஐயா எழுதியது எல்லாம் சரி. ஆயினும் குத்தகைப் பணம் கட்டிவிட்டுக் குளத்தில் இறங்குகிறவனின் பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பாசி அடர்ந்த குளத்தில் வலை இழுக்க முடியாது. அடிக்கயிறு பாசியின் மேல் ஏறிப்போகும். மீன் அடியில் ஒதுங்கிக்கொள்ளும். இழுத்து முடித்தால் வலைக்குள் இருப்பதில் முக்கால் பங்கு பாசியாக இருக்கும்.

அடுத்தது உயிர்க்காற்று. பகலில் பாசி குமிழ் விட்டுத் தண்ணீரில் ஆக்சிஜனை நிறைக்கிறது என்பது உண்மைதான். இரவில் அதே பாசி அதைச் செலவழிக்கிறது. அடர்த்தி மிகுந்துபோன குளத்தில், மூடாப்பாக இருந்த நாளுக்கு அடுத்த விடியற்காலையில் போய்ப் பார்த்தால், கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பிற்பகலில் காரத்தன்மையும் ஏறிவிடும். விரால் காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். கட்லாவும் ரோகுவும் தாங்காது.

புல்கெண்டை 1959இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சீனத்து மீன். ஹைட்ரில்லாதான் அதற்கு மிகவும் பிடித்த தீனி. இயந்திரமோ மருந்தோ இல்லாமல் பாசியைக் குறைத்து, குறைத்த பாசியை விற்கக்கூடிய மீனாக மாற்றித் தருகிற வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்டவருக்கு என் யோசனை, அளவாக விடுங்கள் என்பதே.

பதில்: தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு), தக்கலை

பறக்கை நண்பர் சொன்ன விடியற்காலை நிலைமை முற்றிலும் உண்மை. அடர்த்தி எல்லை மீறினால் எந்தச் செடியும் தொல்லைதான். ஆனால் அளவாக விடுவது என்பது புல்கெண்டை விஷயத்தில் சொல்வதற்கு எளிதே தவிர நடைமுறையில் அவ்வளவு எளிதன்று. குஞ்சாக விடும்போது போதுமானதாக இருந்த எண்ணிக்கை, அவை வளர்ந்த பிறகு மிகையாகிவிடும். ஹைட்ரில்லா தீர்ந்ததும் பிற மென்மையான செடிகளுக்குப் போகும். தின்றதில் பெரும்பகுதி செரிக்காமல் சாணமாகத் தண்ணீரிலேயே கலக்கிறது. செடியின் உடலில் அடைபட்டிருந்த சத்து மிதவைப் பாசிக்குப் போய்ச் சேர்கிறது. வெள்ளிக்கெண்டை வளர்ப்பவருக்கு அது இலாபம், ஏனென்றால் வெள்ளிக்கெண்டை மிதவைப் பாசியைத் தின்னும். ஆனால் குளம் தெளிவிலிருந்து கலங்கலுக்குப் போய்விடும். கிழக்குப் பக்கம் இப்போது இருப்பது போலக் குளம் முழுவதும் ஆனால் ஊருக்குச் சம்மதமா என்பதுதான் கூட்டத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்.

பதில்: நீர்ப்பறவை, நாகர்கோவில்

பாசியில் கைவைக்கவே கூடாது என்று சொன்னவர்கள் எங்கள் கூட்டத்து இளைஞர்களாகத்தான் இருப்பார்கள். அவ்வளவு கடுமையாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் காரணம் இல்லாமல் அவர்கள் சொல்லவில்லை. சுசீந்திரம், தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் இருப்பது அந்தக் குளங்களின் பரப்பு மட்டுமே. முன்னது ஏறத்தாழ 94 எக்டேர், பின்னது 20 எக்டேருக்கும் குறைவு. பறவைகளுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. பெரிய குளத்தில் ஆள் நடமாட்டம் கூடினாலோ ஆழம் ஏறினாலோ, அவை சுற்றியுள்ள சிறு குளங்களுக்குத்தான் போகின்றன.

நாமக்கோழி முங்கி மூழ்கித் தின்பது பெரும்பாலும் இந்தப் பாசிகளைத்தான். குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்து, தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆழம் குறைந்த இடத்து விதைகளும் கிழங்குகளும் அதற்கு உணவு. இலைகளில் ஒட்டியிருக்கும் நத்தைகளையும் பூச்சிக் குஞ்சுகளையும் நம்பி வருபவை வேறு. தாமரை இருந்தால் இலைக்கோழிக்குக் கூடு வைக்க இடம் கிடைக்கும் என்பதால் தாமரையை முழுக்க எதிர்ப்பதற்கும் இல்லை. ஒரு குளத்தில் திறந்த தண்ணீர், மிதக்கும் இலை, மூழ்கிய பாசி, கரையோரக் கோரை என நான்கும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதே பறவைக்கு நல்லது.

ஆகாயத்தாமரையை அகற்றக் கூலி கொடுக்கும்போது, அதே ஆட்கள் மூழ்கிய பாசியையும் சேர்த்து அரித்து எறிந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதை வேலை தொடங்கும் முன்பே கரையில் நின்று காட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

மறுமொழி: குளத்தங்கரை (தேரூர் அருகில்)

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி தட்டு செய்து, என் மகளையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கிழக்கே மடைப் பக்கம் தட்டு ஒரு முழம் இறங்குவதற்குள் மறைந்துவிட்டது. மேற்கே அடிமண்ணில் போய் உட்கார்ந்த பிறகும் நான்கு பாகமும் பிரித்துத் தெரிந்தது.

கணுச்செடியின் இலைகள் சொரசொரப்பாகத்தான் இருந்தன. எண்ணிய கணுக்களில் பெரும்பாலானவற்றில் ஐந்து இலைகள். நாடா இலையில் குறுக்கு நரம்பும் தெரிந்தது. அதன் நடுவே ஒரு விசித்திரத்தையும் கண்டோம். சில செடிகளின் அடியிலிருந்து நூலைப் போன்ற வெளிறிய காம்புகள் மேற்பரப்புவரை வந்து, நுனியில் மிகச் சிறிய பூ ஒன்றைத் தண்ணீரின் மட்டத்திலேயே வைத்திருந்தன. பூ இருந்த இடத்தில் நீர்ப்பரப்பு ஒரு மயிரிழை அளவு குழிந்திருந்தது. காற்றில்லாத நேரமாதலால் சுற்றிலும் வெள்ளைத் துகள்கள் மிதப்பதும் தெரிந்தது. மேலும் சில காம்புகள் தண்ணீருக்குள்ளே சுருள் சுருளாகச் சுருங்கிக் கிடந்தன. மகள் அவற்றை நோயுற்ற செடி என்றாள்.

மண்வெட்டியால் கொஞ்சம் சேற்றை அள்ளிக் கழுவியபோது மிளகைவிடச் சற்றுப் பெரிதான வெளிறிய கிழங்குகளும் கிடைத்தன. தூர்வாரும்போது இவையெல்லாம் மண்ணோடு வண்டியில் போய்விடும் அல்லவா? அப்படியானால் நாங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பாசி அழிந்துவிடும் என்றுதானே பொருள்? சானல் அடைத்துக் குளம் வற்றும் மாதங்களில் இவை எப்படிப் பிழைக்கின்றன என்பதும் விளங்கவில்லை.

பதில்: தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு), தக்கலை

தங்கள் மகள் கண்டது நோய் அன்று. பாடப்புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்து மதிப்பெண் வாங்கிவிட்டுப் போகிற ஒன்றை அந்தப் பிள்ளை நேரில் கண்டிருக்கிறாள். வாலிஸ்நேரியாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் பூக்கள் சேற்றருகே ஓர் உறைக்குள் கூட்டமாக உருவாகி, முதிர்ந்ததும் ஒவ்வொன்றாகக் கழன்று மேலே மிதந்து வருகின்றன. அந்த வெள்ளைத் துகள்கள் அவையே. பரப்பை எட்டியதும் அவை விரிந்து, மகரந்தம் நனையாமல் தண்ணீர் மேல் நகர்ந்து திரியும். பெண் பூ நீர்ப்பரப்பில் ஏற்படுத்தும் அந்தச் சிறு குழியின் சரிவில் அருகே வருபவை சறுக்கி விழுந்து, மகரந்தத்தைச் சூல்முடியில் சேர்க்கின்றன. கருவுற்றபின் காம்பு சுருண்டு, காயைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்கிறது. லின்னேயஸ் 1753இல் ஐரோப்பியச் செடிக்கு வைத்த ஸ்பைராலிஸ் என்னும் சிற்றினப் பெயர் அந்தச் சுருளைக் குறிப்பது. வாலிஸ்நேரியா என்பது இத்தாலியரான வாலிஸ்நேரி என்பவரின் நினைவாக வந்தது. நம் ஆசியப் பகுதியில் முன்பு அதே பெயரில் அழைக்கப்பட்ட பல செடிகளை இப்போது நேட்டன்ஸ் என்னும் வேறு சிற்றினமாகப் பிரிக்கிறார்கள்.

இந்த நிகழ்வு முழுவதற்கும் நிலையான நீர்மட்டம் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பூக்கும் சமயத்தில் மடையைத் திடீரெனத் திறந்து மட்டத்தை இறக்கினாலும், மழை வெள்ளத்தில் ஒரேயடியாக ஏறினாலும், காம்பின் நீளக் கணக்கு தப்பிப்போகும். அதனால்தான் ஓடுதண்டு என்னும் மாற்று வழியையும் அது வைத்திருக்கிறது.

சேற்றில் கிடைத்தவை ஹைட்ரில்லாவின் கிழங்குகள். கலைக்கப்படாத சேற்றில் அவை நான்கு ஆண்டுகளுக்கு மேலும் முளைப்புத்திறனோடு கிடக்கும். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான ஆழம்வரை புதைந்திருக்கலாம். இலைக்கோணங்களில் தோன்றும் பச்சை மொட்டுகளும் உதிர்ந்து அப்படியே உறங்கும். எனவே மார்ச்சில் குளம் வற்றினாலும் ஜூனில் அணை திறந்து தண்ணீர் வரும்போது ஹைட்ரில்லா மீண்டும் எழும். தூர்வாருவதால் அது அடியோடு அழிந்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். ஓரத்தில் தப்பிய கிழங்குகள் போதும். ஆனால் கிழங்கு இல்லாமல் ஓடுதண்டையும் விதையையும் நம்பியிருக்கும் வாலிஸ்நேரியாவுக்கு அந்த உறுதி இல்லை. முழுக்க வழித்தெடுத்தால் போவது நல்ல செடி, திரும்பி வருவது மடையை அடைக்கும் செடி என்று ஆகலாம். இதைக் கூட்டத்தில் முக்கியமாகச் சொல்லுங்கள்.

வற்றும் பருவத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. ஹைட்ரில்லா நம் பக்கத்துச் செடி என்பதால் அதைத் தின்னும் பூச்சிகளும் நம் பக்கத்தில் இருக்கின்றன. தண்ணீர் இறங்கிச் சேறு வெளிப்படும்போது கிழங்குகளைத் துளைத்துத் தின்னும் கூன்வண்டு ஒன்று இருக்கிறது. இலைக்குள் குடைந்து வாழும் சிறு ஈயின் புழுவும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1950களில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து கொண்டுபோன ஹைட்ரில்லா, கால்வாய்களிலும் ஏரிகளிலும் பரவிப் பெரும் செலவு வைத்தபோது, அதைக் கட்டுப்படுத்தும் பூச்சிகளைத் தேடி அவர்கள் வந்தது இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும்தான். அந்த ஈயையும் வண்டையும் 1987இல் அங்கே விட்டார்கள். ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும் புளோரிடா ஏரிகளில், வற்றிய சேற்றை நாடும் வண்டுக்கு வேலை குறைவு. நம் சானல் குளங்களின் அடைப்புக் காலம் அதற்கு ஏற்றது. ஆண்டில் சில வாரமாவது குளத்தின் ஓரம் வற்றிக் காய விடும் பழைய பாசன நடைமுறையை வீண் என்று நினைக்க வேண்டியதில்லை.

தூர்வாருவது பற்றி என் யோசனை இது. மடையைச் சுற்றி ஆழமாகவே எடுங்கள். இரண்டு மீட்டருக்கு மேல் ஆழமும் கொஞ்சம் கலங்கலும் இருந்தால் அங்கே செடி ஏறாது. மேற்கு ஓரத்தில் சானல் முகத்தை ஒட்டி ஒரு பகுதியைத் தொடாமல் விடுங்கள். இயந்திரம் ஓட்டுபவருக்குத் தெரியும்படி கம்பு நட்டுக் கயிறு கட்டிவிடுவது அவசியம். கரையைச் செங்குத்தாக வெட்ட விடாதீர்கள்; சரிவு இருந்தால்தான் தண்ணீர் ஏறி இறங்கும் எல்லா மட்டத்திலும் செடிக்கு ஓர் இடம் கிடைக்கும். ஆனால் கழிவுநீர் ஓடையைத் திருப்பாமல் இவை எல்லாவற்றையும் செய்தாலும், நான்கைந்து மழைக்காலத்தில் கிழக்குப் பச்சை மேற்குக்கும் வந்துவிடும்.

பதில்: கண்ணாடித் தொட்டி, மார்த்தாண்டம்

தொட்டி மீன் வளர்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். செடி குறைந்துபோனால் கடையில் வாங்கிக் குளத்தில் நட்டுவிடலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அதைச் செய்யாதீர்கள். கடைகளில் கிடைக்கும் வாலிஸ்நேரியாவில் அகல இலை அயல்நாட்டு வகைகளும் கலந்திருக்கும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த கபோம்பாவும் அதே கட்டில் வந்துவிடும். விசிறியாகப் பிரிந்த இலை, இளஞ்சிவப்புப் பூ, பார்ப்பதற்கு அழகுதான். 2020இல் கோழிக்கோடு மாவட்டம் ஆவள பாண்டியில் ஒரு வாய்க்கால் முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்ததைப் பார்க்க மக்கள் திரண்டார்களே, அது இந்தச் செடிதான். ஒரு துண்டுத் தண்டே போதும், ஓட்டத்தில் போய் வேர் பிடித்துவிடும். நம் சானல்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்புடையவை. ஒரு குளத்தில் விட்டது மறுகால் (குளம் நிரம்பி வழியும் போக்கு) வழியாக அடுத்த குளத்துக்குப் போகும். செடி வேண்டுமென்றால் உங்கள் சானலிலேயே இருக்கிறதே, அதன் ஓடுதண்டுகளைச் சேற்றோடு பெயர்த்து நட்டால் போதும்.

பதில்: குளத்து மீன், பறக்கை

மேற்கு ஓரத்தை விட்டுவைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. மீன் முட்டையிடவும் குஞ்சுகள் ஒளியவும் அந்த இடம் உதவும். விராலுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் புல்கெண்டையே கூடாது என்பதை இன்னும் ஏற்கவில்லை. குளத்தில் திறந்துவிடாமல், மடைப் பக்கம் கம்பு நட்டு வலைத் தடுப்புக் கட்டி, அதற்குள் கொஞ்சம் புல்கெண்டை விட்டு, மடையில் சேரும் பாசியை அள்ளி அவற்றுக்கே தீனியாகப் போடலாம். அறுத்துக் கரையில் குவித்து அழுக விடுவதைவிட அது மேல்; அழுகிய பாசியின் சத்து மழையில் கரைந்து குளத்துக்கே திரும்பிவிடும் என்று ஐயாவே சொல்வார். தீனி தீர்ந்தால் வயல் வரப்புப் புல்லை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

வலைத் தடுப்பை மறுகாலுக்குப் பக்கத்தில் மட்டும் அமைக்காதீர்கள். ஐப்பசி மழையில் மறுகால் பாய்ந்தால் தடுப்பு நிற்காது, மீன் பழையாற்றுக்குப் போய்விடும். வலைக்கண் சிறிதாக இருந்தால் பாசித் துணுக்குகள் ஒட்டி இரண்டே வாரத்தில் சுவராகிவிடும். ஆகவே குஞ்சாக விடாமல் ஒரு சாண் வளர்ந்த மீனாக வாங்கி, வலைக்கண்ணைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். மடையின் முன்னால் மூங்கில் தட்டி ஒன்றைச் சாய்வாக நிறுத்தி, தண்ணீர் திறக்கும் நாள்களில் காலையும் மாலையும் வாரியால் பாசியை வழித்தெடுக்க ஒருவருக்குக் கூலி ஒதுக்கினால் கடைமடைக்காரர்களின் குறையும் தீரும். அந்தக் கூலியில் பாதியைக் குத்தகை எடுத்தவரே ஏற்க வேண்டும் என்று கூட்டத்தில் நீங்கள் கேட்கலாம். மீனுக்குத் தீனி இலவசமாகக் கிடைப்பதால் அவர் மறுக்க நியாயம் இல்லை.